தட்டாத குடை

பயிற்சி முகாம், ஃப்ளோரிடா
6 மார்ச் 1939

அன்புள்ள நோபி அக்காவுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். நீ திட்டிக்கொண்டேதான் இந்தக் கடிதத்தைப் பிரிப்பாய் என்று தெரியும், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். குளிர்காலம் முழுக்க ஹவானாவில் பேஸ்பால் ஆடிவிட்டு உங்களுக்கு ஒரு வரி எழுதாதது தப்புதான். எழுதும்படி சேதி ஒன்றும் இல்லை. இப்போது இருக்கிறது.

என்னை வெள்ளைக்காரர்களின் பேஸ்பால் குழு ஒன்று எடுத்துக்கொண்டது. சரியாகத்தான் படித்தாய், திரும்பப் படிக்காதே. ஒஹையோவில் மார்லோ என்ற ஊரின் குழு. நம் நீக்ரோ லீக் மாதிரி பஸ்ஸிலேயே தூங்கி, ஹோட்டல் பின்வாசலில் சாப்பாடு வாங்கித் தின்கிற பிழைப்பு இல்லை. இங்கே ஒரு வருஷம் நன்றாக ஆடினால் அடுத்தது மேலே இருக்கிற பெரிய லீக்.

எப்படி என்று கேட்பாய். ஹவானாவில் என் ஆட்டத்தைப் பார்த்த இந்தக் குழு ஆள் என்னைக் கியூபாக்காரன் என்று நினைத்துவிட்டார். வெளுத்த கியூபாக்காரன் என்றால் எடுப்பார்கள். ஜார்ஜியாக் கறுப்பன் எவ்வளவு வெளுத்திருந்தாலும் எடுக்க மாட்டார்கள். அவர் தட்டுத்தடுமாறி ஸ்பானிஷில் பெயர் கேட்டார். பக்கத்து அறைக்காரனின் பெயர் என் வாயில் வந்துவிட்டது. அன்றிலிருந்து நான் அன்செல்மோ ரீவாஸ்.

இங்கிலீஷ் தெரியாதவனாக நடிக்கிறேன். சாப்பாட்டு மேஜையில் நம் ஆட்களைப் பற்றி என்னென்னவோ சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டே சிரிக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், அக்கா. முகாம் முடிந்து வடக்கே போகிற வழியில், ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை நம் மேக்கனில் ஒரு ஆட்டம் இருக்கிறது. மைதானத்தில் நான் நிற்கும் இடம் வலப்பக்கக் கோடி. நம் ஆட்களை உட்காரவைக்கும் பலகைகள் எனக்கு நேர் பின்னால்தான் இருக்கும். நான் திரும்பிப் பார்க்க முடியாது, நீங்களும் கூப்பிடக் கூடாது. ஆனால் அம்மாவைக் குடையோடு கூட்டி வா. நான் பந்தைப் பிடித்ததும் எப்போதும்போல் முன்பலகையில் இரண்டு தட்டு தட்டச் சொல். கிழவி குடை தட்டுவதை வைத்து யார் என்ன கண்டுபிடிக்கப் போகிறார்கள்? எனக்கு அது போதும்.

பதிலை இதை அனுப்பும் பெண்மணியின் பெயருக்குப் போடு. இங்கே எங்கள் துணி துவைக்கிறவர், நம் ஆள்தான்.

உன் தம்பி
லேதன்


மேக்கன், ஜார்ஜியா
16 மார்ச் 1939

மதிப்புக்குரிய அன்செல்மோ துரைக்கு,

இப்படித்தானே கூப்பிடணும்? பழகிக்கறேன்.

உன் கடுதாசியை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அம்மா யாரோ வக்கீல் வீட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தா. நான் படிச்சு முடிக்கிறவரைக்கும் நிமிரவே இல்ல. அப்புறம், "அந்தப் பிள்ளையோட அம்மா பேரு என்னன்னு எழுதியிருக்கானா?"ன்னு கேட்டா.

"எந்தப் பிள்ளை?"ன்னேன்.

"அதான், அந்த அன்செல்மோ."

சாயங்காலம் மறுபடியும் பேச்சை எடுத்தேன். "நான் பெத்தவனுக்கு லேதன் ப்ரூயிட்னு பேரு வச்சேன். அவன் வந்தா கெளுத்தி மீன் பொரிச்சுப் போடுறேன். கியூபாக்காரனைப் பாக்க நான் ஏன் கால் வலிக்க நடக்கணும்?"ங்கறா. கோபம்னு நினைக்காதே. கோபம்னா கத்துவா, உனக்குத் தெரியாதா. ராத்திரி உன் பழைய கையுறையை எடுத்து எண்ணெய் தடவிக்கிட்டிருந்தா.

எனக்குக் கோபம்தான். அப்பா உனக்கு அந்த நிறத்தைக் குடுத்துட்டுப் போய்ச் சேர்ந்துட்டார். எனக்கு அம்மா நிறம். நாளைக்கு நீ பெரிய ஆளானா, நான் உன் வீட்டுக் கதவைத் தட்டினா, சமையல்காரின்னு சொல்லித்தானே உள்ளே விடுவே?

சரி, விடு. ஆட்டத்துக்கு நான் வர்றேன். அம்மாவை எதிர்பார்க்காதே. தொப்பியை நல்லா இறக்கிப் போட்டுக்கோ. ஜூன் மாச வெயில் பட்டா நீ எப்படிக் கறுப்பேன்னு எனக்குத் தெரியும்.

நோபி


மார்லோ, ஒஹையோ
11 ஏப்ரல் 1939

அக்கா,

வந்து சேர்ந்தேன். இங்கே குழுவுக்குத் துணி துவைக்கிறவர் மிஸஸ் கில்க்ரிஸ்ட் என்ற நம் இனத்து அம்மா ஒருவர். இனி அவர் விலாசத்துக்கு எழுது. துவைத்து மடித்த என் சீருடையின் கைக்குள் கடிதத்தைச் செருகிக் கொடுத்துவிடுவார். வேறு எந்த வழியும் வேண்டாம். நான் அவர் வீட்டுப் பக்கம் போனாலே பேச்சாகிவிடும்.

சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

பிறந்து வளர்ந்த ஊரில், தெரிந்த முகம் அத்தனைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். நீங்கள் என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவீர்கள் என்று பயமாக இருந்தது. ஒருவரும் கொடுக்கவில்லை. முடிதிருத்தும் ஹோசியா அண்ணன் குரல் மட்டும் கேட்டது. "ஏய் கியூபா, சுருட்டு வச்சிருக்கியாடா?" என்றார். பலகை முழுக்கச் சிரித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்லவேளை, வியர்வை என்று நினைத்திருப்பார்கள்.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் வேலியோரம் போன பந்தை ஓடிப்போய்ப் பிடித்தேனே, பார்த்தாயா? வாழ்நாளில் அப்படி ஒன்று பிடித்ததில்லை. பிடித்துவிட்டு அப்படியே நின்றேன். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். குடைச் சத்தம் வரவே இல்லை.

அப்படியானால் அம்மா வரவில்லை. சரி. ஊர்க்காரர்கள் எல்லாம் எனக்காக ஒரு மத்தியானம் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள், பெற்றவளுக்கு மட்டும் மனது வரவில்லை. தண்டித்தது போதும் என்று சொல். அவளுக்குப் பிள்ளை இல்லையென்றால் எனக்கும் அம்மா இல்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

லேதன்


மேக்கன்
19 ஏப்ரல் 1939

லேதன்,

உன் கடைசி வரியை நான் அம்மாவுக்குப் படிக்கல. அதை நீ எழுதவே இல்லைன்னு நினைச்சுக்கறேன். இனி நான் சொல்றதை முழுசாப் படி.

அம்மா வந்தா. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை சர்ச்சுல ஒவ்வொருத்தர்கிட்டயும் போய், "சனிக்கிழமை வர்றது ஒரு கியூபாக்காரன், நம்மள்ல யாருக்கும் அவனைத் தெரியாது"ன்னு சொல்லிட்டு வந்ததே அவதான். பின்னே உன் மூஞ்சிக்காகவா ஊரு வாயைக் கட்டிக்கிச்சு? அன்னைக்கு ஈஸ்டர் தொப்பியைப் போட்டுக்கிட்டு, குடையோட, முன்வரிசையில உக்காந்திருந்தா. உன் முதுகுக்கும் அவளுக்கும் நடுவுல ஒரு வேலிதான்.

பாதி ஆட்டத்துல உன் குழு ஆளு ஒருத்தன் போலீஸ்காரனைக் கூட்டிக்கிட்டு எங்க பலகைக்கு ஏறி வந்தான். யாரோ ஒரு புண்ணியவான் போய்ச் சொல்லியிருக்கான். யாருன்னு இன்னைவரைக்கும் தெரியல. "இங்க ப்ரூயிட்டுன்னு ஒருத்தி இருக்காளாமே, அந்தப் பையன் அவ மகனாமே"ன்னு கேட்டான். ஒருத்தர் வாய் திறக்கல. ஹோசியா வானத்தைப் பாத்துக்கிட்டிருந்தார்.

அம்மாவே எந்திரிச்சா. "நான்தாங்க ப்ரூயிட்டு. எனக்கு ஒரே பொண்ணு, இதோ இருக்கா"ன்னா.

"அவனை நல்லாப் பாரு"ன்னான்.

"பாத்துட்டேங்க. என்னையும் பாருங்க. இந்த வயித்துல அது பொறக்குமா?"ன்னா. சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. சிரிக்கணும்னு சிரிச்சாங்க.

அவன் போகல. அம்மா பக்கத்துலயே உக்காந்துட்டான். அப்பதான் நீ வேலியோரம் அந்தப் பந்தைப் பிடிச்சே. அந்த ஆளு பந்தைப் பாக்கல, லேதன். அம்மா கையைப் பாத்துக்கிட்டிருந்தான். குடை விஷயத்தையும் எவனோ சொல்லியிருக்கான். அம்மா ரெண்டு கையாலயும் குடையை மடியில அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, வேற எங்கயோ பாத்துக்கிட்டு, கொட்டாவி விட்டா. அதுக்கப்புறம்தான் அவன் எந்திரிச்சுப் போனான்.

வீட்டுக்கு வர்ற வழியில குடையை என்கிட்ட குடுத்துட்டா. கை மரத்துப்போச்சுன்னா.

மறுநாள் ஈஸ்டர். சர்ச்சுல திருவிருந்துத் திராட்சரசக் கிண்ணம் வந்தப்போ வாங்காம அடுத்தவங்ககிட்ட தள்ளி விட்டா. அம்மா கிண்ணத்தை விட்டு நான் பாத்ததே இல்ல. பாஸ்டர் டில்லார்டு வீட்டுக்கே வந்து, "சிஸ்டர் ப்ரூயிட், நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு ஆண்டவருக்குத் தெரியும்"னார். "தெரியும். பெத்த பிள்ளையை என் பிள்ளை இல்லைன்னு சொன்னதும் தெரியும். அந்த வாயால எப்படிக் குடிக்கறது?"ன்னா.

இப்ப சொல்லு, யார் யாரைத் தண்டிச்சது?

நோபி


மார்லோ
27 ஏப்ரல் 1939

அக்கா,

உன் கடிதத்தை உடை மாற்றும் அறையில் படித்தேன். பக்கத்தில் இருந்தவன் முதுகில் தட்டி, கியூபாவிலிருந்து கெட்ட சேதியா என்று கையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். ஆமாம் என்று தலையாட்டினேன்.

நான் வருகிறேன். சம்பள நாள் வரை பொறுக்கிறேன், அவ்வளவுதான். என் பெயர் என்ன, என் அம்மா யார் என்று இவர்களிடம் நல்ல இங்கிலீஷில் சொல்லிவிட்டு ரயில் ஏறப்போகிறேன். அம்மா கையைப் பிடித்து நானே சர்ச்சுக்குக் கூட்டிப்போய், எல்லார் முன்னாலும் அந்தக் கிண்ணத்தை வாங்கித் தருகிறேன். அந்தக் கடைசி வரியை நீ படிக்காமல் விட்டதற்கு உன் காலில் விழ வேண்டும்.

நன்றாகத்தான் ஆடுகிறேன். பெரிய லீக்கிலிருந்து ஒரு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். அது கிடக்கட்டும். அம்மாவிடம் நான் வருகிறேன் என்று சொல்.

லேதன்


மேக்கன்
9 மே 1939

தம்பி,

சொன்னேன். இந்த விஷயத்துல முதல் தடவையா கத்தினா. அவ சொன்னதை அப்படியே எழுதச் சொல்லிப் பக்கத்துலயே உக்காந்திருக்கா.

"இங்க வரக் கூடாது. வந்தா என் பொய் வீணாப் போயிடும். அந்தப் பொய்யை நான் சும்மா சொல்லல. அவன் மேல போகணும், அந்தப் பெரிய மைதானத்துல நிக்கணும், அதுக்குத்தான் சொன்னேன். அவன் அங்க போய்ச் சேர்ற அன்னைக்கு நான் ஆண்டவர்கிட்ட என் கணக்கைப் பேசிக்கறேன். அதுவரைக்கும் கிண்ணம் இல்லாம இருந்துக்குவேன். செத்துப்போயிட மாட்டேன்."

இப்ப அம்மா கொல்லைக்குக் கீரை பறிக்கப் போயிருக்கா, அதனால நான் எழுதறேன். கால் ரெண்டும் வீங்கியிருக்கு. படி ஏறினா மூச்சு வாங்குது. தினம் சாயங்காலம் ஹோசியா கடைக்கு நடந்து போறா. வெள்ளைக்காரங்க பேப்பர்ல பொடி எழுத்துல ஆட்ட விவரம் வருதே, அதுல அவர் ரீவாஸ் பேரைத் தேடிப் படிச்சுக் காட்டணும். "கியூபாக்காரன் இன்னைக்கு என்ன பண்ணான்?"னு கேக்கறா. நீ அடிச்சிருந்தா வீட்டுக்கு வந்து ரெண்டு துண்டு சோள ரொட்டி கூடச் சாப்பிடறா.

என்னைக் கேட்டா என்ன சொல்றதுன்னு எனக்கே தெரியல. வான்னும் சொல்ல முடியல, வராதேன்னும் சொல்ல முடியல. அம்மா சொன்னபடி கேளு.

நோபி


மார்லோ
3 ஜூலை 1939

அக்கா,

அம்மா சொன்னபடி இருக்கிறேன். கொஞ்சம்தான் எழுத முடியும்.

நேற்று மேனேஜர் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இங்கே வலப்பக்கக் கோடியில் நிழலே கிடையாது. தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருக்கிறேன், நீளக் கைச் சட்டை போட்டிருக்கிறேன், இருந்தும் நீ சொன்ன மாதிரிதான் ஆகிவிட்டேன். முதலாளி மனைவி என்னைப் பார்த்து ஏதோ சொன்னாளாம். நான் இங்கிலீஷ் தெரியாதவன், அதனால் என் முன்னாலேயே பேசுகிறார்கள்.

அம்மாவுக்கு இதைச் சொல்லாதே. நான் நன்றாக அடிக்கிறேன் என்று மட்டும் சொல். அது உண்மைதான்.

லேதன்


மேக்கன்
8 ஆகஸ்ட் 1939

லேதன்,

ஒரு மாசமா உன்கிட்டயிருந்து எழுத்தே இல்ல. பேப்பர்லயும் ரீவாஸ் பேரு இல்ல. ஹோசியா ஒரு நாள் பாத்தார், மறுநாள் பாத்தார், அப்புறம் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மாகிட்ட சொல்ல ரெண்டு பேருக்கும் தைரியம் வரல. அவரே சொந்தமாப் படிக்க ஆரம்பிச்சுட்டார். "ரீவாஸ் இன்னைக்கு ரெண்டு அடி. ரீவாஸ் இன்னைக்குப் பெரிய அடி"ன்னு. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாதுங்கற தைரியம்.

போன வாரம் முழுக்கக் கேட்டுட்டு அம்மா சொன்னாளாம்: "ஹோசியா, உனக்குப் பொய் சொல்லவே வரல. தினமும் அடிக்கிறவன் எவனும் இல்ல. வர்ற திருவிருந்துக்கு நீயும் கிண்ணம் வாங்காம என் பக்கத்துல வந்து உக்காரு." அந்த மனுஷன் கடையைப் பூட்டிட்டு அழுதார்.

அம்மாவுக்குப் புரிஞ்சுபோச்சு, தம்பி. அவங்க உன்னை அனுப்பிட்டாங்க. நீ வெக்கப்பட்டுக்கிட்டு எங்கயோ உக்காந்திருக்கே. அவ பொய்யை வீணாக்கிட்டோம்னுதானே வராம இருக்கே? அவ சொல்றதைக் கேளு: "வீணாப் போனா போகட்டும். என் பிள்ளையை எனக்குக் குடுத்துடச் சொல்லு. அவன் வரட்டும், ரெண்டு பேருமா கிண்ணம் வாங்கிக்கறோம். அவன் இல்லாம நான் வாங்கறதா இல்ல."

படுக்கையிலதான் இருக்கா. கால் வீக்கம் வயிறு வரைக்கும் வந்துடுச்சு. கதவுப் பக்கமா கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னா, போட்டிருக்கேன். குடையைக் கையெட்டுற இடத்துல சாத்தி வச்சிருக்கா. நீ படி ஏறி வந்ததும் தரையில ரெண்டு தட்டு தட்டணுமாம்.

இதைப் படிச்ச உடனே கிளம்பு. பதில் எழுதிக்கிட்டு இருக்காதே.

நோபி


மேக்கன்
29 ஆகஸ்ட் 1939

லேதன்,

அம்மா போயிட்டா. வெள்ளிக்கிழமை விடியற நேரம். சத்தம் கேட்டு நான் எந்திரிச்சேன். குடை கீழே விழுந்து கிடந்துது. யாரோ படி ஏறி வர்றாங்கன்னு எடுத்திருப்பா போல. வாசல்ல யாரும் இல்ல.

ஞாயித்துக்கிழமை அடக்கம். பாஸ்டர் வழக்கம்போல பிள்ளைங்க பேரைக் கூப்பிட்டார். என்னைக் கூப்பிட்டார், எந்திரிச்சு நின்னேன். அப்புறம் "லேதன் ப்ரூயிட்"னு கூப்பிட்டார். அம்மா அவர்கிட்ட சொல்லி வச்சிருந்தா, என் பிள்ளை பேரைச் சத்தமாக் கூப்பிடணும்னு. அன்னைக்கு மைதானத்துல உன் பேரை வாய்க்குள்ள வச்சு விழுங்கின அத்தனை பேரும் அங்கதான் இருந்தாங்க. எல்லாரும் திரும்பிக் கதவைப் பாத்தாங்க. பாஸ்டர் மறுபடியும் கூப்பிட்டார். நானும் திரும்பிப் பாத்தேன்.

பக்கத்துல இருந்த ஹோசியா என் கையைப் பிடிச்சு உக்காரவச்சார்.

நான் எழுதினது உனக்கு வந்துச்சா இல்லையான்னு மட்டும் சொல்லு. வந்தும் நீ வரலைன்னா, இனிமே எனக்கு எழுதாதே.

நோபி


மார்லோ
20 செப்டம்பர் 1939

அக்கா,

வரல. ரெண்டு கடுதாசியும் இன்னைக்குத்தான் ஒண்ணா என் கைக்கு வந்துச்சு.

ஜூலை பத்தாம் தேதி என்னை அனுப்பிட்டாங்க. ரொம்பக் கறுத்துட்டேனாம், பாக்க வர்றவங்க கேக்கறாங்களாம். வேற ஒண்ணும் காரணம் இல்ல. நான் ஊர் எல்லையில இருக்கற ஐஸ் கம்பெனியில சேந்து, ஐஸ் கட்டி தூக்கிக்கிட்டு இருந்தேன். அம்மாவை அப்படிப் பேச வச்சுட்டு எந்த மூஞ்சியோட வர்றதுன்னு தெரியல. அடுத்த வருஷம் வேற குழு எதுலயாவது சேந்துட்டு வரலாம்னு நினைச்சேன். பேப்பர்ல பேர் வரலைன்னாலும் ஹோசியா அண்ணன் அம்மாகிட்ட எப்படியாவது சமாளிச்சுக்குவார்னு நினைச்சேன்.

மிஸஸ் கில்க்ரிஸ்டுக்கு நான் எங்க போனேன்னு தெரியாது, வெக்கத்துல நானும் அவங்க வீட்டுப் பக்கம் போகல. என் சீருடைதான் அவங்ககிட்ட வர்றதில்லையே, எதுல செருகிக் குடுப்பாங்க? ரெண்டு கடுதாசியையும் மாவு டப்பாவுல பத்திரமா வச்சிருந்தாங்க. இன்னைக்குச் சந்தையில என்னைப் பாத்ததும் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனாங்க. ஆறு வாரமா அது அங்கயே இருந்திருக்கு, அக்கா. என் அறையிலிருந்து நாலு தெரு.

முதல்ல "வா"ங்கறதைப் படிச்சேன். வாசலுக்கு ஓடிக்கிட்டே, ரயில் எத்தனை மணிக்குன்னு அவங்ககிட்ட கேட்டேன். அவங்கதான் இன்னொண்ணும் இருக்குன்னு சொன்னாங்க.

நாளைக்குக் கிளம்பறேன். அக்டோபர் முதல் ஞாயிறு திருவிருந்துதானே? குடையை எடுத்துக்கிட்டு வா. பாஸ்டர்கிட்ட ஒண்ணு கேட்டு வை. அம்மா சொன்ன மாதிரி என் பேரை இன்னொரு தடவை சத்தமாக் கூப்பிடச் சொல்லு. நான் எந்திரிச்சு நிக்கறேன்.

அம்மாவோட பிள்ளை
லேதன் ப்ரூயிட்